நாற்றை எப்போது வெளியே நடுவது? தேதி, வானிலை, மண், போர்வை: எதை நம்பி இறங்கலாம்

குளிர்காலம் முடிந்து, ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே நிற்க முடிகிற முதல் நாள் ஒன்று வரும். அன்றைக்கு ஜன்னலோரத் தட்டில் இருக்கும் தக்காளி நாற்றைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஆறு வாரமாக விளக்கு போட்டு, தண்ணீர் தெளித்து, பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்ட செடி. வெளிச்சம் போதாமல் கண்ணாடிப் பக்கமே சாய்ந்து நிற்கிறது. பாத்தியும் கொத்தித் தயாராக இருக்கிறது. இன்றே நட்டுவிடலாமா, இன்னும் பொறுக்கலாமா?

ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். கடைசி உறைபனித் தேதி தாண்டிவிட்டதா என்று பார் என்பார் ஒருவர். பத்து நாள் வானிலை அறிக்கையைப் பார் என்பார் இன்னொருவர். மண்ணுக்குள் வெப்பமானியைச் செருகிப் பார்க்கச் சொல்வோர் உண்டு. பூத்திருக்கும் மரத்தைப் பார்த்து நாள் குறிப்போரும் உண்டு. எதற்குக் காத்திருக்க வேண்டும், துணியைப் போட்டு மூடி இப்போதே நடு என்போரும் இருக்கிறார்கள். இவை எல்லாவற்றையும் வெவ்வேறு ஆண்டுகளில் நானே செய்து பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு நம்ப முடியாது. ஒரே வழி எல்லாப் பயிருக்கும் பொருந்துவதும் இல்லை.

முந்தினால் என்ன, பிந்தினால் என்ன

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுவது நல்லது. தப்பு செய்தால் எந்தப் பக்கம் நஷ்டம் அதிகம்?

தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டை, வெள்ளரி, பூசணி, சுரை, பாகல் எல்லாம் சூடு கேட்கும் பயிர்கள். ஒரே இரவில் இலையின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே ஒன்றிரண்டு டிகிரி போனாலே கதை முடிந்தது. இலைத் திசுவில் இருக்கும் நீர் பனிக்கட்டியாகி, செல்களுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுத்துவிடும். செல்களைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வுகள் குலைந்துபோகும். மறுநாள் வெயில் பட்டதும் செடி தொங்கிவிடும்.

உறைபனி வராவிட்டாலும் பிரச்சினை இருக்கிறது. இரவு 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தால் இந்தச் செடிகள் வளர்வதை நிறுத்திவிடும். குளிர்ந்த மண்ணிலிருந்து பாஸ்பரஸை வேர் சரியாக உறிஞ்ச முடியாமல் தக்காளி இலையின் அடிப்பக்கம் ஊதாவாக மாறும். உரம் போதவில்லை என்று நினைத்து அந்த நேரத்தில் உரம் போடுகிறவர்கள் பலர். அது பலன் தராது, மண் சூடாக வேண்டும். மொட்டு உருவாகிற கட்டத்தில் குளிர் பட்டால், பின்னால் வரும் முதல் பழங்கள் மடிப்பு மடிப்பாக, தழும்போடு கோணலாக இருக்கும். மே மாதக் குளிரின் தழும்பை ஜூலைப் பழத்தில் பார்க்கலாம்.

பிந்தினால் என்ன ஆகும்? ஒரு வாரம், பத்து நாள் தாமதமாக நட்ட தக்காளி, சூடான மண்ணில் மூன்றே நாளில் வேர் பிடித்து ஓட ஆரம்பிக்கும். ஒரு வருடம் ஒரே தட்டு நாற்றில் பாதியை முன்னதாகவும், மீதியைப் பதினைந்து நாள் கழித்தும் நட்டேன். முதலில் நட்டவை இரண்டு வாரமும் அசையாமல், மஞ்சள் பூத்து நின்றன. பின்னால் வந்தவை ஒரு மாதத்துக்குள் அவற்றை எட்டிப்பிடித்துவிட்டன. முதல் பழம் பறித்ததில் நாலு நாள் வித்தியாசம்கூட இல்லை.

முட்டைக்கோஸ், ப்ரோக்கோலி, காலிஃபிளவர், கேல், லெட்டூஸ், வெங்காயம், பட்டாணி இவற்றுக்குக் கணக்கு அப்படியே தலைகீழ். வெளிக்காற்றுக்குப் பழக்கிய முட்டைக்கோஸ் நாற்று பூஜ்யத்துக்குக் கீழே மூன்று டிகிரி வரை பெரும்பாலும் தாங்கிவிடும். பிந்திப் போனால்தான் இவற்றுக்கு ஆபத்து. வெயில் ஏறியதும் லெட்டூஸ் தண்டு விட்டு, பூத்து, இலை கசந்துவிடும். ப்ரோக்கோலி இறுக்கமான பூ கட்டாமல் விரிந்துபோகும். பட்டாணி பூப்பதையே நிறுத்திவிடும்.

அதனால் ‘நாற்றை எப்போது நடுவது’ என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் பதில் கிடைக்காது. குளிர்ப் பயிரா, சூட்டுப் பயிரா என்று தட்டை இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தேதியை நம்பி நடுவது

பெரும்பாலானவர்கள் தொடங்குவது இங்கேதான். உங்கள் பகுதியின் சராசரி கடைசி உறைபனி நாள் என்று ஒரு தேதி இருக்கும். விதைப் பொட்டலத்தில்கூட ‘கடைசி உறைபனிக்கு இரண்டு வாரம் கழித்து நடவும்’ என்று போட்டிருக்கும். எளிது, செலவில்லை, முன்கூட்டியே திட்டம் போடலாம்.

ஆனால் ‘சராசரி’ என்ற சொல்லைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். அந்தத் தேதிக்கு அப்புறமும் உறைபனி வர ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. நல்ல அட்டவணைகளில் 50 சதவீதத் தேதியோடு 10 சதவீதத் தேதியும் தனியாக இருக்கும். அதாவது அந்த நாளுக்குப் பின் உறைபனி வருவது பத்து ஆண்டில் ஒரு முறைதான். தேதியை மட்டும் நம்புவதானால், தக்காளிக்கும் மிளகாய்க்கும் நீங்கள் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது தேதியை. முட்டைக்கோஸுக்கு முதல் தேதியிலிருந்து இரண்டு முதல் நான்கு வாரம் பின்னோக்கி எண்ணலாம்.

இன்னொன்று, இந்தச் சராசரிகள் முப்பது ஆண்டுக் கணக்கு. இப்போது வழக்கத்தில் இருப்பது 1991 முதல் 2020 வரையிலான பதிவுகள். பழைய அட்டவணை ஒன்றை எங்கிருந்தோ எடுத்து வைத்திருந்தால் அது எந்த முப்பது ஆண்டு என்று பாருங்கள். அளவு எடுத்த இடம் உங்கள் தோட்டமும் இல்லை. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவில் இறங்கித் தண்ணீர் மாதிரி பள்ளத்தில் தேங்கும். சரிவின் அடியில், வேலியோ சுவரோ காற்றை மறிக்கிற இடத்தில் பாத்தி இருந்தால், மேட்டில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு வராத உறைபனி உங்களுக்கு வரும். தெற்குப் பார்த்த செங்கல் சுவரை ஒட்டிய பாத்தியில் நிலைமை வேறு. பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இரவு முழுவதும் விட்டுக்கொண்டே இருக்கும். பூமியின் தென்பாதியில் இருப்பவர்களுக்கு அது வடக்குப் பார்த்த சுவர்.

தேதி உண்மையிலேயே கைகொடுப்பது விதை போடும்போதுதான். தக்காளிக்கு ஆறு முதல் எட்டு வாரம், மிளகாய்க்கும் கத்தரிக்கும் எட்டு முதல் பத்து வாரம், வெள்ளரி பூசணிக்கு மூன்று வாரம், மிஞ்சினால் நான்கு என்று பின்னோக்கி எண்ணி விதையுங்கள். நடுகிற நாளுக்கு அது ஒரு நினைவூட்டல் மட்டும்தான். ‘இனி தினமும் கவனிக்க ஆரம்பி’ என்று சொல்லும், அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

வானிலை அறிக்கையை நம்பி நடுவது

சராசரியைவிட இது நடப்புக்கு நெருக்கம். அடுத்த ஐந்து நாளுக்குச் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. எட்டாம், பத்தாம் நாளைக்குச் சொல்வதை எதிர்பார்ப்பு என்று எடுத்துக்கொள்ளலாம், உறுதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம்மில் பலர் அதில் பார்ப்பது பகல் வெப்பநிலையை. 22 டிகிரி என்று போட்டிருந்தால் மனம் குதிக்கிறது. நாற்றின் தலையெழுத்தை நிர்ணயிப்பது இரவின் குறைந்தபட்ச அளவு. அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எனக்கு அது புரிந்தது ஒரு தட்டுத் தக்காளியைப் பறிகொடுத்த பிறகு.

அந்த வருடம் தேதி தாண்டியாகிவிட்டது. ஒரு வாரமாக நல்ல வெயில். பதினெட்டு நாற்று நட்டேன். மூன்றாம் நாள் அறிக்கையில் இரவுக் குறைந்தபட்சம் 3 டிகிரி என்றிருந்தது. பூஜ்யத்துக்கு மேலேதானே என்று நிம்மதியாகப் படுத்துவிட்டேன். விடிகாலையில் போய்ப் பார்த்தபோது இலைகள் கரும்பச்சையாக, எண்ணெயில் தோய்த்த காகிதம் மாதிரி ஒளி ஊடுருவுகிற விதத்தில் இருந்தன. தொட்டால் விறைப்பு. செடி சாகவில்லை, ஏதோ ஈரம் என்றுதான் முதலில் நினைத்தேன். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகத் துவண்டன. மதியத்துக்குள் கறுத்துவிட்டன. சுவர் ஓரம் இருந்த நான்கு மட்டும் பிழைத்தன.

காரணம் இதுதான். வானிலை நிலையத்தின் வெப்பமானி தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் அளவு உயரத்தில், கூண்டுக்குள் இருக்கும். நாற்றோ தரையை ஒட்டி ஒரு சாண் உயரத்தில் நிற்கிறது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் நிலமும் இலையும் தங்கள் சூட்டை நேராக வானத்துக்குக் கதிர்வீசி இழந்துவிடும். அப்போது தரையோரக் காற்று மேலே அளந்ததைவிட மூன்று நான்கு டிகிரி குறைவாக இருப்பது சாதாரணம். அறிக்கை 3 என்றால் இலை பூஜ்யத்துக்குக் கீழே இருக்கலாம்.

ஆகவே குறைந்தபட்ச எண்ணோடு மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பாருங்கள்: மேகம், காற்று, பனிநிலை வெப்பநிலை (காற்றில் இருக்கும் ஈரம் பனித்துளியாக மாறத் தொடங்கும் அளவு). மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி சூட்டைத் திருப்பி அனுப்பும், 3 டிகிரி இரவும் கடந்துபோகும். மெல்லிய காற்று அடித்தால் மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்றைக் கலந்துவிடும், அதுவும் நல்லது. வானம் துல்லியமாக இருந்து, காற்று அடங்கி, பனிநிலையும் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால், அறிக்கையில் 4 டிகிரி என்று போட்டிருந்தாலும் நான் வெளியே போய் மூடிவிட்டுத்தான் வருவேன்.

தக்காளிக்கு என் அளவுகோல்: அடுத்த ஏழு நாளில் எந்த இரவும் 10 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. மிளகாய்க்கும் கத்தரிக்கும் 12, 13 இருந்தால் நிம்மதி. ஓரிரு இரவு 8 தொட்டால் தக்காளி செத்துவிடாது. ஆனால் நட்ட முதல் வாரத்தில், வேர் இன்னும் பிடிக்காத நேரத்தில், அந்தச் சோதனை எதற்கு?

மண்ணைத் தொட்டுப் பார்த்து நடுவது

ஒரே ஒரு வழியைத்தான் பின்பற்ற முடியும் என்று யாராவது என்னைக் கட்டாயப்படுத்தினால் நான் எடுப்பது இது. காற்று ஒரே நாளில் பத்து டிகிரி ஏறி இறங்கும். மண் அப்படி இல்லை. பல நாள் வெயிலைச் சேர்த்து வைத்துத்தான் அது மெதுவாகச் சூடாகும். ஆகவே மண்ணின் வெப்பநிலை ஒருநாள் கூத்தைக் காட்டாது, பருவம் எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும். நட்ட நாற்றுக்கு முதல் வேலை வேர் பிடிப்பது. அந்த வேலை நடப்பதும் மண்ணுக்குள்தான்.

நீளமான கம்பி கொண்ட சமையல் வெப்பமானி இருந்தாலே போதும். பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் செருகுங்கள். காலை எட்டு மணி வாக்கில் பாருங்கள், அப்போதுதான் இரவெல்லாம் ஆறிய மண்ணின் உண்மையான அளவு தெரியும். மதியம் மூன்று மணிக்கு மேல்மண்ணில் அளந்துவிட்டு ‘இருபது இருக்கிறது’ என்று சந்தோஷப்பட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நான்கு நாள் தொடர்ந்து அளந்து, அளவு நிலையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

முட்டைக்கோஸ் வகைகள், லெட்டூஸ், வெங்காயம், பட்டாணிக்கு 7 டிகிரி வந்தாலே போதும். தக்காளிக்கு 15, 16. பீன்ஸுக்கும் கிட்டத்தட்ட அதேதான். மிளகாய், கத்தரி, வெண்டை, வெள்ளரி, பூசணி வகைகளுக்கு 18 வரட்டும். தர்பூசணி, முலாம்பழம் வைக்கிறவர்கள் 20 வரை பொறுத்தால் நஷ்டமில்லை.

எண் சரியாக இருந்தாலும் ஈரம் சரியாக இல்லாவிட்டால் இறங்காதீர்கள். ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடியுங்கள். விரல் இடுக்கில் தண்ணீர் கசிந்தாலோ, உருண்டையைக் கட்டைவிரலால் அழுத்தும்போது களிமண் பொம்மை மாதிரி நசுங்கினாலோ இன்னும் நேரம் இருக்கிறது. தொட்டவுடன் பொலபொலவென்று உதிர்ந்தால் அதுதான் பதம். ஈர மண்ணில் மிதித்து, குழி தோண்டி நட்டால் மண் இறுகிப்போய், வேர் போக வழியில்லாமல் அந்தப் பருவம் முழுவதும் செடி திணறும். ஈர மண் சூடாவதும் மெதுவாகத்தான். தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க, அதே எடையுள்ள உலர்ந்த மண்ணுக்கு ஆவதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு வெப்பம் தேவை. களிமண் நிலம் மணல் நிலத்தைவிட வாரக்கணக்கில் பின்தங்குவது இதனால்தான். மேட்டுப்பாத்தி முந்துவதற்கும் காரணம் இதுவே, அதில் தண்ணீர் வடிந்துவிடும்.

இந்த வழியில் இன்னொரு வசதி, மண்ணை நாமே கொஞ்சம் முடுக்கிவிடலாம். நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் போன வருட வைக்கோல் மூடாக்கை ஒதுக்கி வெயில் படவிடுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் தாளை மண்ணோடு ஒட்டி விரித்து ஓரங்களை மண் போட்டு இறுக்கினால் இரண்டு முதல் நான்கு டிகிரி வரை கூடும். தாள் மண்ணில் படாமல் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தால் பலன் பாதியாகிவிடும்.

குறை இல்லாமல் இல்லை. மண் 17 டிகிரி இருக்கும்போதே ஒரு துல்லியமான இரவு வந்து இலையைக் கருக்கிவிட்டுப் போகலாம். மண் நேற்றைய கணக்கைச் சொல்லுமே தவிர நாளை இரவைச் சொல்லாது. அதற்கு வானிலை அறிக்கைதான் வேண்டும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

மரம் பூத்தால் நடலாமா?

லைலாக் பூத்துவிட்டது, ஆப்பிள் பூத்துவிட்டது, இனி நடலாம் என்பது தலைமுறை தலைமுறையாக வருகிற கணக்கு. இதற்கு அறிவியல் அடிப்படை உண்டு. தினமும் கிடைக்கும் வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே வந்து, குறிப்பிட்ட தொகை சேர்ந்ததும் செடி அடுத்த கட்டத்துக்குப் போகிறது என்ற கருத்தை ரெமூர் என்ற பிரெஞ்சு அறிஞர் 1735-லேயே முன்வைத்தார். பூக்கிற மரம் உங்கள் இடத்திலேயே அந்தக் கூட்டலைச் செய்து காட்டுகிறது. எந்த அட்டவணையிலும் இல்லாத தகவல் அது.

ஆனால் மரமும் இதுவரை வந்த சூட்டைத்தான் எண்ணியிருக்கிறது. பூத்த பிறகு உறைபனி வந்து ஆப்பிள், பீச் விவசாயிகள் விளைச்சலைப் பறிகொடுப்பது பல ஆண்டுகளில் நடக்கிறது. தன் பூவையே காப்பாற்றிக்கொள்ள முடியாத மரத்தை நம்பி என் மிளகாயை வெளியே விட மாட்டேன். குளிர்ப் பயிர்களுக்கு இது அழகான அடையாளம், சூட்டுப் பயிர்களுக்குப் போதாது.

முன்னதாக நட்டு மூடி வைப்பது

கோடை குட்டையாக இருக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு இது தவிர்க்க முடியாத வழி. செலவும் உழைப்பும் கேட்கும், சரியாகச் செய்தால் இரண்டு வாரம் லாபம் தரும்.

சல்லடை போன்ற மெல்லிய நெய்யாத துணி ஒன்றிரண்டு டிகிரி பாதுகாப்பு தரும். கனத்த துணி என்றால் மூன்று வரை எதிர்பார்க்கலாம். துணியை எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. இரவில் செடியைக் காப்பது துணியின் சூடு இல்லை, மண்ணிலிருந்து எழும் சூடு. ஆகவே துணி தரைவரை வந்து, ஓரங்கள் கல்லோ மண்ணோ வைத்து அழுத்தப்பட்டிருக்க வேண்டும். செடியின் தலையில் முக்காடு மாதிரி போட்டு, தண்டோடு சேர்த்துக் கட்டிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மண்ணின் சூடு முழுவதும் வெளியே போய்விடும், செடி உள்ளே குளிரில் நிற்கும். பிளாஸ்டிக் என்றால் இலையில் படாதபடி வளைவுக் கம்பி வேண்டும். பட்ட இடமெல்லாம் கருகிவிடும்.

செடியைச் சுற்றி நீர் நிரப்பிய குழாய்களை நிறுத்தும் கூடாரங்கள் தனி ரகம். இவற்றின் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி ஆறும்போது 4.2 கிலோஜூல் வெப்பம்தான் வெளியே வரும். அதே தண்ணீர் பூஜ்யத்தில் உறையும்போது 334 கிலோஜூலை விடும், ஏறக்குறைய எண்பது மடங்கு. அதாவது உறைபனி தாக்குகிற அதே நேரத்தில் சுற்றியுள்ள தண்ணீர் உறைந்து சூடு தருகிறது. காலையில் போய்ப் பார்த்தால் குழாயின் மேல்பக்கம் பனித்தகடு, உள்ளே செடி பசுமையாக நிற்கும்.

இதன் மறுபக்கம் பகல். வெளியே 12 டிகிரிதான், ஆனால் நல்ல வெயில் என்றால் மூடிய பிளாஸ்டிக்குக்குள் 35-ஐத் தாண்டிவிடும். காலையில் திறக்க மறந்துவிட்டு வேலைக்குப் போனால் மாலையில் வெந்த கீரை மாதிரி கிடக்கும். நாற்றைக் குளிரில் இழந்தவர்களைவிட மூடாக்குக்குள் வேகவிட்டவர்கள் குறைவு என்று சொல்லிவிட முடியாது. தினமும் காலையும் மாலையும் வீட்டில் யாராவது இருந்தால்தான் பிளாஸ்டிக். இல்லாவிட்டால் காற்று புகும் துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெள்ளரி, பூசணி பூத்ததும் துணியை எடுத்துவிட வேண்டும், தேனீ உள்ளே வர வேண்டுமே.

காற்றோடு வரும் குளிர் அலைக்கு இந்தப் போர்வைகள் அவ்வளவாகத் தாங்காது. இரவு முழுவதும் வீசும் உறைகாற்று மண்ணின் சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும். அப்படிப்பட்ட அலை முடிந்ததா என்று பார்த்துவிட்டு நட்டால் மூடாக்குக்கு வேலையும் குறையும்.

தட்டிலேயே காத்திருக்க வைப்பது

பொறுப்பதும் ஒரு தேர்வுதான். பொறுக்கும்போது நாற்று சும்மா இருக்காதே. சின்னக் குழியில் வேர் சுற்றிச் சுற்றி வளர்ந்து, தட்டின் அடியில் வெள்ளையாக எட்டிப் பார்க்கும். தக்காளி என்றால் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள், தண்டைக் கொஞ்சம் ஆழமாகப் புதைத்து. மண்ணுக்குள் போன தண்டெல்லாம் வேர் விடும். நெட்டையாக வளர்ந்த தக்காளி நாற்றைக் கடைசியில் படுக்க வைத்துக்கூட நடலாம். மிளகாய் பொறுமையான செடி, பெரிய தொட்டியும் வெளிச்சமும் கொடுத்தால் மூன்று வாரம்கூட நிற்கும்.

வெள்ளரி, பூசணி, சுரைக்கு அந்தப் பொறுமை இல்லை. வேர் குலைந்தால் மீள்வது கஷ்டம். நான்கு இலை விட்டுக் கொடி நீட்ட ஆரம்பித்த நாற்றைவிட, இரண்டு இலையோடு நட்டது முந்திக்கொண்டு போகும். இவற்றுக்குத் தாமதத்தை விதைக்கும்போதே வைத்துக்கொள்வதுதான் சரி. ப்ரோக்கோலி, முட்டைக்கோஸில் வேறு சிக்கல். தண்டு பென்சில் கனம் தாண்டிய பிறகு ஒரு வாரத்துக்கு மேல் குளிரில் நின்றால், குளிர்காலம் முடிந்துவிட்டது என்று செடி நினைத்துக்கொண்டு பூக்கப் போய்விடும். சின்ன நாற்றுக்கு இந்த ஆபத்து குறைவு. ஆகவே இவற்றை இளசாகவும் முன்னதாகவும் நடுங்கள்.

எந்த நாளைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முந்தைய ஏழு முதல் பத்து நாள் வெளியே பழக்குவதற்குப் போய்விடும், அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம். அப்புறம் கொஞ்சம் காலை வெயில், கொஞ்சம் காற்று. தண்ணீரைச் சற்றுக் குறைக்கலாம். கடைசி இரண்டு இரவு, 10 டிகிரிக்கு மேல் இருந்தால், வெளியிலேயே தங்கட்டும். விளக்கின் கீழ் வளர்ந்த இலையை நேராக மதிய வெயிலில் வைத்தால் ஒரே நாளில் வெள்ளைத் திட்டு விழும். குளிருக்குத் தப்பிய நாற்று வெயிலில் போவது கொடுமை.

நான் எப்படி முடிவு செய்கிறேன்

குளிர்ப் பயிர்களில் துணிந்து இறங்கிவிடுகிறேன். சராசரித் தேதிக்கு மூன்று வாரம் முன்பு, மண் 7 டிகிரி தொட்டு, பிடித்தால் உதிர்கிற பதம் வந்துவிட்டால், பழக்கிய முட்டைக்கோஸும் ப்ரோக்கோலியும் லெட்டூஸும் வெளியே போய்விடும். பக்கத்திலேயே ஒரு துணி மடித்து வைத்திருப்பேன், பாதி வருடங்களில் அதைப் பிரிப்பதே இல்லை.

தக்காளியில் மூன்று கதவு வைத்திருக்கிறேன். சராசரித் தேதி தாண்ட வேண்டும், காலை எட்டு மணிக்கு மண் நான்கு நாளாக 15-க்கு மேல் இருக்க வேண்டும், ஏழு நாள் அறிக்கையில் இரவு 10-க்குக் கீழே இறங்கக் கூடாது. மூன்றும் திறந்தால் தட்டில் மூன்றில் இரண்டு பங்கை நடுவேன். மீதி ஒரு பங்கு தொட்டியில் பத்து நாள் காத்திருக்கும். முதல் தொகுதி தப்பிவிட்டால் அந்த மீதி நாற்று வேண்டியவர்களுக்குப் போகும். தப்பாவிட்டால் அந்த வருடத் தோட்டம் அதில்தான். இந்தப் பழக்கம் வந்த பிறகு இரவில் எழுந்து ஜன்னல் வழியாக வானத்தைப் பார்ப்பது குறைந்துவிட்டது.

மிளகாயும் கத்தரியும் அதற்கு ஒரு வாரம் கழித்து. வெள்ளரி, பூசணிக்கு மண் 18 வரும்வரை யார் சொன்னாலும் அசைய மாட்டேன்.

வீட்டில் ஒரே ஒரு தட்டு, நாலைந்து செடிதான், அளப்பதற்கெல்லாம் நேரமில்லை என்பவர்களுக்கு: 10 சதவீதத் தேதி வரும்வரை பொறுத்துவிடுங்கள். சில நாள் லாபம் போகும், செடி போகாது. கோடை நீளமாக இருக்கும் இடத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. கோடையே மூன்று மாதம்தான் என்றால் போர்வையும் வெப்பமானியும் வாங்குவதற்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

நடுகிற நாள் மேகமூட்டமாக இருந்தால் எந்த நேரமும் சரி. வெயில் நாள் என்றால் மாலை ஐந்து மணிக்கு மேல் நடுங்கள். தட்டை அதற்கு ஒரு மணி நேரம் முன்பே நன்றாக நனைத்து வையுங்கள். வேர்க்கட்டி உடையாமல் முழுசாக வரும். குழியில் ஊற்றும் தண்ணீர் குழாயிலிருந்து நேராகப் பிடித்த சில்லென்ற தண்ணீராக இருக்க வேண்டாம், காலையிலேயே வாளியில் பிடித்து வெயிலில் வைத்துவிடுங்கள். வைக்கோல் மூடாக்கை அன்றைக்கே போடாமல் இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போடுங்கள், மண் இன்னும் சூடாக வேண்டியிருக்கிறது. அன்றிரவு வானம் துல்லியமாக இருந்தால் துணியை எடுத்துக்கொண்டு ஒரு முறை வெளியே போய்விட்டு வந்து படுங்கள்.